கணினியில் ஒரு வாழ்த்து மடல்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் ஒன்றுகூடும் இடத்தில், பாலாற்றின் தென்கரையில் அமைந்த சிற்றூர் திருமுக்கூடல். இது காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்ப் பகுதியைச் சார்ந்தது. ஆற்றின் எதிர்க்கரையிலே பழைய சீவரம் மலை உள்ளது. பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதராசப் பெருமாள் அம்மலைக்கு எழுந்தருளுவார். பின்னர்த் திருமுக்கூடலுக்கும் வருவார். சுற்றியுள்ள ஊர்களின் பெருமாள்களும் அங்கு வந்து கூடுவர். பார்வேட்டை எனப்படும் அவ்விழாவைக் காண மக்கள் திரண்டு வருவர்.

இவ்வூரில் மேனிலைப் பள்ளியில் பயிலும் மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். அவளுடைய தாய்மாமன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். ஐந்து பொங்கல்களாக அவர் ஊருக்கு வரவில்லை. அவருக்கு ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்ப அவள் விரும்புகிறாள். கடையில் அட்டை வாங்கலாம். கைப்பேசியைத் தொட்டால் பானையும் கரும்பும் கொண்ட படங்கள் நூறு வந்து நிற்கும். ஆனால் அந்த நூறு படங்களில் ஒன்றிலேனும் மாமாவின் பெயர் உண்டா? அவர் நீந்திய ஆறு உண்டா? யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பத்தக்க படம் ஒருவர்க்கென்று அனுப்பியது ஆகாது. ஆதலால் அவள் தானே ஒரு மடலைச் செய்யத் தொடங்குகிறாள். 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மேனிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அவற்றுள் ஒன்று அவள் அண்ணனுக்குக் கிடைத்து, இன்றும் வீட்டில் இருக்கிறது. அக்கருவியைக் கொண்டு மடல் செய்யும் முறையை இனிக் காண்போம்.

அதற்குமுன் வாழ்த்து மடலின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் அஞ்சல் முறை ஏற்பட்டது. 1843இல் ஹென்றி கோல் என்பவர், நண்பர் பலருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்றி, ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்தார். அப்படத்தை ஆயிரம் படிகள் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டச் செய்தார். கிறித்துமசு வாழ்த்து அட்டை இவ்வாறு வணிகப் பொருளாயிற்று. நேரமின்மையிலிருந்து பிறந்தது வாழ்த்து அட்டை என்பதை நாம் மறத்தல் கூடாது.

தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குத் துணைநின்ற ஊர் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு வேண்டியிருந்தது. ஒட்டுச்சீட்டுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. அந்த அச்சகத் தொழில் வளர்ந்து, பின்னர் நாட்காட்டிகளையும் வாழ்த்து அட்டைகளையும் நாடெங்கும் பரப்பியது. மார்கழி பிறந்தவுடன் கடைகளின் முன்னே கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவர். உழவர், காளை, தலைவர்கள், நடிகர்கள் என்று எல்லாரும் அக்கயிற்றில் ஆடிக்கொண்டிருப்பர். தொலைபேசியும் பின்னர்க் கைப்பேசியும் பெருகியபின் அந்தக் கயிறுகள் அவிழ்ந்தன.

இனி நம் மாணவியிடம் வருவோம். அவள் முதலில் செய்யவேண்டுவது கணினியைத் திறப்பதன்று. ஒரு தாளை எடுத்து மடித்துப் பார்ப்பது. அலுவலகங்களில் வழங்கும் ஏ4 என்னும் தாள் 297 மில்லிமீட்டர் நீளமும் 210 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதனைக் குறுக்கே வைத்து நடுவில் ஒருமுறை மடித்தால் நான்கு பக்கமுள்ள மடல் கிடைக்கும். தாளை விரித்துப் பார்க்கும்போது முகப்புப் படம் வலப்பாதியிலும், மடலின் பின்பக்கம் இடப்பாதியிலும் அமைவதைக் காணலாம். இதனை அறியாமல் இடப்பாதியில் முகப்பை வரைந்துவிட்டு, அச்சிட்டபின் வருந்துவோர் பலர். மடித்த தாளில் பென்சிலால் முகப்பு, உள், பின் என்று குறித்துக் கணினியின் அருகில் வைத்துக்கொண்டால் இத்தொல்லை இல்லை.

கணினியில் படம் இருவகையாக அமைகிறது. ஒருவகையில், படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது; பாய் முடைவோர் நிறக்கோரைகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பூ வரச்செய்வது போன்றது. ஒளிப்படங்கள் இவ்வகையின. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும். அக்கணக்கின்படி ஒரு ஏ4 தாளின் படத்தில் அகலத்தில் 2480, நீளத்தில் 3508, ஆக ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் அடங்கும். கைப்பேசியில் பலர் கை மாறி வந்த சிறிய படத்தை எடுத்துப் பெரிதாக்கினால், போதிய புள்ளிகள் இல்லாமையால் அது மங்கிப் படிக்கட்டுபோல் தோன்றும். இத்தகைய படங்களைத் திருத்துவதற்குக் ‘கிம்ப்’ என்னும் மென்பொருள் உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் உருவாக்கியது அது. விலையின்றிக் கிடைப்பது.

மற்றொரு வகையில், படம் கோடுகளின் கணக்காகச் சேமிக்கப்படுகிறது. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இடையில் எவ்வாறு வளைகிறது என்பவற்றை மட்டும் கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆதலால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாது. 2003இல் தோன்றிய ‘இங்க்ஸ்கேப்’ என்னும் விலையில்லா மென்பொருள் இதற்கு ஏற்றது. இதில் வளைகோடு வரையும் முறையை 1960களில் பரப்பியவர் பிரெஞ்சு நாட்டுப் பொறியியலாளர் பியேர் பெசியே. அவர் ரெனோ என்னும் கார் நிறுவனத்தில் பணியாற்றியவர். காரின் உடல் வளைவுகளை வரைவதற்கே அம்முறையைக் கையாண்டார். அந்நிறுவனம் பங்குகொண்டு 2010இல் திறந்த தொழிற்சாலை ஒன்று, திருமுக்கூடல் இருக்கும் இதே மாவட்டத்தில் ஒரகடத்தில் உள்ளது. காரின் வளைவுக்குப் பிறந்த கோடு ஆற்றின் வளைவுக்கும் உதவும். நம் மாணவி மூன்று நீலக் கோடுகளை வரைகிறாள். அவை மூன்று பக்கங்களிலிருந்து வந்து முகப்பின் நடுவில் ஒன்றாகின்றன. ஆற்றின் கரையில் ஒரு சிறு கோபுரம். எதிரே ஒரு மலை. அவ்வளவே. அந்த ஊரில் பிறந்த எவரும் அதனைக் கண்டவுடன் இன்னது என்று அறிவர்.

முகப்பின் அடியில் ஒரு புள்ளிக்கோலம் இடவேண்டும் என்பது அவள் எண்ணம். இங்கேதான் கணினியின் ஆற்றல் நன்கு விளங்கும். கோலத்தின் நான்கு பக்கமும் ஒத்திருக்குமானால், கால் பகுதியை மட்டும் வரைந்தால் போதும். அதனைப் படியெடுத்து 90 பாகை சுழற்றவேண்டும். இவ்வாறே மும்முறை செய்தால் கோலம் நிறைவுறும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது நான்கு இடத்திலும் தெரியும் ஆதலால், கால் பகுதியைப் பொறுமையுடன் வரைதல் வேண்டும்.

கோலமும் கணினியும் இன்று புதிதாக உறவு கொண்டவை அல்ல. தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலத்தைப் பற்றிக் கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டனர். சொற்றொடரை அமைப்பதற்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்தை அமைப்பதற்கும் இலக்கணம் வகுக்க இயலும் என்று அவர்கள் காட்டினர். சில விதிகளை மட்டும் கொடுத்தால், சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். நம் வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் வாயிலில் குனிந்து செய்துவந்த வேலையில் இத்துணைக் கணக்கு அடங்கியிருந்தது. வீட்டுக் கணினிகள் பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது என்பதும் கருதத்தக்கது.

படத்தின் உறுப்புகளைத் தனித்தனி அடுக்குகளில் வைப்பது நல்ல வழக்கம். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல, வானம் ஓர் அடுக்கு, ஆறு ஓர் அடுக்கு, கோலம் ஓர் அடுக்கு. ஒன்றை மாற்றினாலும் மற்றவை கலையா. பிழைபட்டால் ‘மீட்டல்’ கட்டளையால் முன்னிருந்த நிலைக்குத் திரும்பலாம். திருமுக்கூடல் கோயிலின் சுவரிலே 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்த நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், அங்கு வைத்திருந்த மருந்துகளையும், மாணவர் பயின்ற கல்விச் சாலையையும் அது வரிவரியாகக் கூறுகிறது. அதனைச் செதுக்கிய சிற்பிக்கு மீட்டல் கட்டளை இல்லை.

எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். பொங்கல் என்னும் சொல்லின் முதலெழுத்தே கணினிக்கு ஒரு சோதனை. ‘பொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னும், கால் பின்னும், பகரம் நடுவிலும் நிற்கின்றன. ஆனால் கணினி இதனைப் பகரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என்று இரண்டு எண்களாகவே சேமிக்கிறது. அவ்விரண்டையும் கொண்டு மூன்று உறுப்புகளை உரிய இடத்தில் நிறுத்துவது மென்பொருளின் கடமை. தமிழ் அறியாத பழைய வரைகலை மென்பொருள்கள் சில இதனைச் செய்யமாட்டா. கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறி நிற்கும். முன்னாளில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறிமுறை இருந்தமையால், ஒரு கணினியில் எழுதியது மற்றொன்றில் படிக்கவியலாத குறிகளாகத் தோன்றுவதும் உண்டு. 1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் பொதுக் குறிமுறையில் தமிழும் இடம்பெற்றது. 2010இல் தமிழக அரசு அதனை ஏற்று ஆணையிட்டது. ஆகவே யூனிகோடு எழுத்துருவையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கட்டமரன்’, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீசு வடிவமைத்த ‘கவிவனார்’ முதலிய அழகிய எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. முன்னது நேராக நிற்கும். பின்னது கையெழுத்துப்போல் சாய்ந்து செல்லும். ஒரு மடலில் இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டா. எழுத்துக்கு நிழல், ஒளிவட்டம், பொன்முலாம் என்று கிடைத்த அணிகளையெல்லாம் பூட்டினால், படிப்பவர் வாழ்த்தைத் தேடவேண்டி வரும்.

வீட்டில் அச்சுப்பொறி இல்லை. மடலை வாலாசாபாத்துக் கடைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அக்கடைக் கணினியில் நாம் பயன்படுத்திய எழுத்துரு இல்லாது போகலாம். ஆதலால் எழுத்துகளையும் படக்கோடுகளாக மாற்றி, பி.டி.எப். கோப்பாகச் சேமித்து எடுத்துச் செல்லுதல் நலம். அப்போது ‘பொ’ எங்குச் சென்றாலும் ‘பொ’வாகவே இருக்கும்.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. மூன்றும் முழுமையாகச் சேர்ந்தால் வெண்மை. அச்சுப்பொறியோ சயான் என்னும் நீலம், மெஜந்தா என்னும் செந்நிறம், மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளைத் தாளின்மேல் இடுகிறது. மை சேரச்சேர இருளும். எனவே திரையில் பளபளக்கும் இளம்பச்சை தாளில் சற்றுச் சோர்ந்தே வரும். முதலில் ஒரே ஒரு படி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, வேண்டிய திருத்தம் செய்தல் வேண்டும். மெல்லிய தாளாயின் பின்புறத்து நிறம் ஊடுருவித் தோன்றும். சற்றுத் தடித்த தாளைக் கேட்டு வாங்கலாம்.

பிறர் எடுத்த ஒளிப்படத்தையோ வரைந்த ஓவியத்தையோ அவர் இசைவின்றி எடுத்துச் சேர்த்தல் முறையன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரின் உரிமையைக் காக்கிறது. நம் மாணவிக்கு அக்கவலை இல்லை. ஆறும் கோலமும் அவளே வரைந்தவை.

உள்பக்கத்தில் அவள் ஒன்றும் அச்சிடவில்லை. இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு, வலப்பக்கத்தில் பேனாவினால் எழுதுகிறாள்: இவ்வாண்டு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தது, பாட்டியின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது, பார்வேட்டைக்கு யார் யார் வருகின்றனர். வெளிநாட்டு அஞ்சல் சென்றுசேரப் பல நாள் ஆகும் ஆதலின், மார்கழி முதல் வாரத்திலேயே மடலை உறையிலிட வேண்டும். அச்சு மை நன்கு உலர்ந்தபின், அடிமட்டத்தின் விளிம்பால் ஒருமுறை அழுத்திக் கோடிட்டு, அக்கோட்டின் வழியே தாளை மடிக்கிறாள். இவ்வாறு மடித்தால் படத்தின் நிறம் மடிப்பில் உதிராது.