பனிக்கு ஒரு டயர்! மழைக்கு ஒரு டயர்! மதுரைக்கு எந்த டயர்?

செருப்பின் அளவு தப்பினால் காலைக் கடிக்கும். டயர் தப்பினால் உயிரைக் குடிக்கும்!

ஓடுகிற காரில் ரோட்டைத் தொடுவது எது? நான்கு டயர்கள்தான். ஒவ்வொரு டயரும் தரையில் படும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் அப்பா, அம்மா, பாட்டி, குழந்தைகள் எல்லோரும் பயணம் போகிறார்கள்.

பனி நாட்டு டயர்

குளிர் நாடுகளில் காருக்கு இரண்டு செட் டயர்கள் வைத்திருப்பார்கள். கோடைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. பனிக்காலத்துக்கென்றே தனி டயரை முதலில் செய்தது பின்லாந்து. ஆண்டு 1934.

தனி டயர் எதற்கு? குளிரில் ரப்பர் இறுகிவிடும். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால், சாதாரண டயரின் பிடி தளரும். அதனால் பனி டயரை மெத்தென்ற ரப்பரில் செய்கிறார்கள். மேலே சிறு சிறு கீறல்கள் போடுகிறார்கள். மூன்று சிகரம் உள்ள மலையும், அதற்குள் பனிப்பூவும் அதன் அடையாளம். ஜெர்மனியில் பனி மூடிய ரோட்டில் இத்தகைய டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது, சட்டமே இருக்கிறது.

எல்லாக் காலத்துக்கும் பொதுவான டயரும் உண்டு. அது இரண்டுக்கும் நடுத்தரம்.

மதுரைக்கு அது வேண்டுமா? வேண்டாம்! மார்கழிக் குளிரிலும் மதுரை 7 டிகிரிக்கு இறங்குவதில்லை. கத்தரி வெயிலிலோ 40 டிகிரி கொளுத்துகிறது. மெத்தென்ற பனி டயர் இந்த ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிரேக் போட்டால் வண்டி நிற்கவும் தூரம் பிடிக்கும். நம் ஊருக்கு வேண்டியது வெயிலைத் தாங்கி, மழையில் வழுக்காத டயர்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர் 15 88 எச் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 185 என்பது அகலம், மில்லி மீட்டரில். 65 என்றால், டயரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது சக்கரத்தின் அளவு, அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோ மீட்டர் வேகம் வரை தாங்கும். கார்ப் புத்தகத்தில் உள்ள அளவையே வாங்க வேண்டும். சுமை எண் அதற்குக் குறையக் கூடாது.

தேதியும் உண்டு. கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. சில டயர்களில் "டெம்பரேச்சர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும். ஏ தான் சூட்டை நன்றாகத் தாங்கும்.

காற்றைக் குறைக்கலாமா?

"வெயிலில் டயர் வெடிக்கும், காற்றைக் குறைத்து வை" என்று சிலர் சொல்வதுண்டு. இது ஆபத்து! காற்று குறைந்தால் டயரின் பக்கங்கள் மடங்கி மடங்கி ஓடும். அதனால் சூடு ஏறும். சூடு மிஞ்சினால் டயர் வெடிக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்று டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும். வண்டி ஓடுவதற்கு முன், காலையிலேயே அளந்து பிடிக்க வேண்டும்.

மொட்டை டயர்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு ஆபத்து. டயரின் வரிப்பள்ளங்களை டிரைவர்கள் "பட்டன்" என்பார்கள். ரோட்டில் உள்ள தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது இந்தப் பட்டன்தான். அது தேய்ந்தால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிடும். வண்டி படகு மாதிரி மிதக்கும். பிரேக் பிடிக்காது, ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. மோட்டார் சைக்கிளுக்கு 0.8 மில்லி மீட்டர். அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டதா? உடனே மாற்ற வேண்டும்.

ராமேசுவரமோ, திருச்செந்தூரோ கிளம்பும் காலையில் பெட்டியைப் பார்க்கிறோம், கட்டுச்சோற்றைப் பார்க்கிறோம். காரைச் சுற்றி வந்து டயரையும் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிஷ வேலைதான். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்!