விழுந்து முளைக்காத பல்

"பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 6 வயதில், பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். போனால் போனதுதான்!

அது சொத்தையானால் நம் பிள்ளைக்கு உடனே அடைத்துவிடுகிறோம். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து இருளர் குழந்தைக்கு? 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி டாக்டர் குழு பள்ளிக்கே வந்து பல்லையும் பார்க்கிறது. ஆனால் அம்மா அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போன பிள்ளை அன்று வகுப்பில் இருக்காதே! கடைசியில் வலி தாங்காமல் பல்லைப் பிடுங்குவதுதான் மிச்சம்.

சொத்தை சாதி பார்த்து வருவதில்லை. சிகிச்சைதான் எல்லோருக்கும் எட்டுவதில்லை. ஃப்ளோரைடு பேஸ்ட்டால் தினம் இருவேளை பல் தேய்த்தாலே சொத்தை பெருமளவு குறையும். உங்களுக்குத் தெரிந்த அப்படியொரு பிள்ளை இருந்தால், வலி வருமுன்பே அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அழைத்துப் போங்களேன்.