எடுக்கப்படாத படங்கள்

கவிஞனுக்கு ஏடும் எழுதுகோலும் போதும். ஓவியனுக்குத் துணியும் வண்ணமும் போதும். திரைப்படம் எடுப்பவனுக்கோ பிறர் பணமும், பிறர் உழைப்பும், பிறர் சம்மதமும் வேண்டும். ஆகவே, பெரிய இயக்குநர்களின் வரலாற்றில் எடுத்து முடித்த படங்களோடு, எடுக்கப்படாமலே நின்ற படங்களும் இடம்பெறுகின்றன. அவை ஏன் நின்றன என்று ஆராய்ந்தால், அக்கலையின் இயல்பே நமக்கு விளங்கும். வங்கத்தின் சத்யஜித் ரே இதற்குத் தக்க சான்றாவார்.

அவருடைய முதற்படமான 'பாதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1940-களில், தாகூரின் 'கரே பாயிரே' என்னும் நாவலுக்கு அவர் திரைக்கதை எழுதியிருந்தார். தயாரிப்பாளர் சில மாற்றங்கள் வேண்டினார், இளைஞரான ரே இசையவில்லை, முயற்சி நின்றது. அப்போது அவர் பெரிதும் மனம் தளர்ந்தார். ஆனால், பல ஆண்டுகளுக்குப்பின் அதனை மீண்டும் படித்தபோது, ஹாலிவுட் படங்களின் சாயல் படிந்த பக்குவமற்ற எழுத்தாக அது அவருக்கே தோன்றியது. நின்றதே நன்று என மகிழ்ந்தார். பின்னர்ப் புதிதாக எழுதி, 1984-இல் அந்நாவலைப் படமாக்கினார்.

மகாபாரதத்தைப் படமாக்கவும் அவர் விரும்பினார். சூதாட்டப் பகுதி அவர் உள்ளத்தை ஈர்த்தது. ஆனால், யார் யாருக்கு என்ன உறவு என்பதை அயல்நாட்டார்க்கு எவ்வாறு விளக்குவது? கதையறிந்த நமக்கு இது தடையன்று; அறியாதவர்க்கோ பெருந்தடை. இங்கே தடுத்தது கதை சொல்லும் முறையைப் பற்றிய சிக்கலாகும்.

மூன்றாவது, 1967-இல் எழுதிய 'ஏலியன்'. வேற்றுலகக் கலம் ஒன்று வங்கச் சிற்றூரின் குளத்தில் இறங்குகிறது. நீருக்கு மேல் தெரியும் அதன் முனையைக் கோயிற் கோபுரமென ஊரார் வணங்குகின்றனர். அதில் வந்த சிற்றுயிரோ ஓர் ஏழைச் சிறுவனுடன் நட்புக் கொள்கிறது. இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் இக்கருத்தைப் பாராட்டினார். கிளார்க்கின் நண்பர் ஒருவர் இடைநின்று, ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனத்தோடு தொடர்பு ஏற்படுத்தினார். நடிகர் பீட்டர் செல்லர்ஸும் ஆர்வம் காட்டினார். ஆனால், அமெரிக்கா சென்ற ரே, திரைக்கதையின் படிகளில் உரிமையாளராகத் தம் பெயருடன் அந்நண்பர் பெயரும் இருக்கக் கண்டு திகைத்தார். செல்லர்ஸும் விலகினார், படம் நின்றது. 1982-இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளிவந்தபோது, இரண்டிற்கும் உள்ள ஒற்றுமை பேசப்பட்டது. ரே தம் திரைக்கதையின் படிகளைச் சுட்டினார், ஸ்பீல்பெர்க் மறுத்தார்.

ஒன்றைப் பக்குவமின்மையும், ஒன்றைக் கலைச் சிக்கலும், ஒன்றை உடன்பாட்டுக் குறையும் நிறுத்தின என்று கூறலாம். முதற்குறையைக் காலம் தீர்த்தது; மூன்றாவதைக் காலமும் தீர்க்கவில்லை. கற்பனை வளம் மட்டும் போதாது. தன் எழுத்தின் உரிமையைக் காக்கும் விழிப்பும் கலைஞனுக்கு வேண்டும் என்பதே மாணவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடமாகும்.