பளபளக்கும் மூடிக்குக் கீழே குழாய் இருக்கிறதா?

பழைய மரப்படகைப் புதுப்பித்தவரிடம் பேச்சுக் கொடுத்தால், எத்தனை முறை வார்னிஷ் பூசினார் என்பதில் தொடங்குவார். குரோமியம் பூசிய உதிரிப்பாகங்களை எங்கெங்கே தேடி அலைந்தார் என்பது அடுத்த கதை. படகின் அடிவயிற்றுக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு சற்றுத் தடுமாறும். ஆனால், ஏறி அமர்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது அந்த இடம்தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் அல்கோனாக் என்றொரு சிற்றூர் உண்டு. கிறிஸ் கிராஃப்ட் என்ற புகழ்பெற்ற விசைப்படகு நிறுவனம் வளர்ந்தது அங்கேதான். 1920களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அந்நிறுவனம் கட்டிய மரப்படகுகளை இன்றும் பலர் பிள்ளையைப் போல் பராமரித்து வருகிறார்கள். அவற்றில் பலவற்றின் பலகை ‘பிலிப்பைன் மஹோகனி’ என்ற வணிகப் பெயரில் போன மரம். பெயரில் மஹோகனி இருந்தாலும், அது நமக்குத் தெரிந்த மெராந்தியின் நெருங்கிய உறவுதான்.

இப்படகுகளின் மேல்தளத்தில் பாதி சிப்பியைக் கவிழ்த்து வைத்தது போன்ற உலோக மூடிகள் இருக்கும். சில முன்புறம் பார்த்து வாய் திறந்திருக்கும். சில பின்புறம் பார்த்திருக்கும். பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். உண்மையில் அவை படகின் மூக்குத் துவாரங்கள்.

இயந்திர அறைக்கும் தரைப்பலகைக்கும் கீழே, ஏரா என்று மீனவர்கள் சொல்லும் அடிமரத்தின் இருபுறமும் உள்ள பள்ளத்திற்கு ‘பில்ஜ்’ என்று பெயர். கசியும் தண்ணீர், ஒழுகும் எண்ணெய் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அது. பெட்ரோல் ஆவியும் அங்கேதான் வந்து படுத்துக்கொள்ளும். காரணம், அந்த ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. வீட்டில் சமையல் எரிவாயு கசிந்தால் அது தரையோடு பரவும் என்று சொல்லக் கேட்டிருப்போம். அதே கதைதான் இங்கும். வீட்டிலாவது தரை மட்டத்தில் வாசல் இருக்கிறது. படகுக்குக் கீழே வாசல் ஏது?

காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றும். இரண்டு கன மீட்டர் கொள்ளளவுள்ள இயந்திர அறையை அந்த நிலைக்குக் கொண்டுவர, ஏறத்தாழ ஒரு தேநீர்க் கோப்பை பெட்ரோல் ஆவியானால் போதும். ஆவி முழுவதும் அடியிலேயே தங்குவதால் அதைவிடக் குறைவான அளவும் ஆபத்துதான். குளிரில் ஆவியாகாது என்று நம்பவும் முடியாது. பூஜ்யத்திற்கு 40 பாகை கீழேகூடப் பெட்ரோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். டீசல் அப்படியல்ல. அதனால்தான் உள்ளே டீசல் இயந்திரம் பொருத்திய மீன்பிடிப் படகுகளில் இந்த அச்சம் பெரிதாகப் பேசப்படுவதில்லை.

இந்த அபாயத்தை அமெரிக்க அரசு எப்போதோ உணர்ந்துவிட்டது. 1940 ஏப்ரல் 25-இல் நடப்புக்கு வந்த விசைப்படகுச் சட்டம், அதன்பின் கட்டப்படும் பெட்ரோல் படகுகளின் பில்ஜுக்குக் காற்றோட்ட வசதி இருக்க வேண்டும் என்றது. அதற்கு ஏற்பாடு செய்தவைதான் நாம் சொன்ன சிப்பி மூடிகள். படகு ஓடும்போது முன்பார்த்த மூடி காற்றை அள்ளி உள்ளே தள்ளும். பின்பார்த்த மூடியின் வாயில் காற்றழுத்தம் குறைந்து, உள்ளிருப்பதை உறிஞ்சி வெளியேற்றும். மின்சாரம் இல்லை, செலவும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூடிக்குக் கீழே குழாய் இருக்க வேண்டும். வெளியேற்றும் குழாய் பில்ஜின் அடிவரை இறங்க வேண்டும். உள்ளே வரும் குழாய் குறைந்தது பாதி ஆழமாவது, அல்லது கார்புரேட்டரின் காற்று வாய்க்குக் கீழாவது போக வேண்டும். புதுப்பிக்க வரும் பல பழைய படகுகளில் இந்தக் குழாய்கள் இருப்பதே இல்லை. பல ஆண்டு வெப்பத்திலும் எண்ணெயிலும் உதிர்ந்துபோனதை யாரோ ஒருவர் பிடுங்கி எறிந்திருப்பார். மேலே மூடி மட்டும் மெருகேற்றப்பட்டு மின்னும். அடியில் தேங்கிய ஆவியை அது தொடுவதே இல்லை.

சரி, குழாயைப் போட்டுவிட்டால் போதுமா? ஓடும் படகுக்குப் போதும்; நிற்கும் படகுக்குப் போதாது. விபத்து நிகழ்வது பெரும்பாலும் நின்ற படகில்தான். எண்ணெய் நிரப்பி முடித்தவுடன் ஒருவர் சாவியைத் திருப்புவார். காற்று அசையவே இல்லை. ஸ்டார்ட்டரில் ஒரு சிறு பொறி. அந்த நேரத்தில் பிள்ளைகள் பின் இருக்கையில், அதாவது இயந்திரத்துக்கு அருகிலேயே, உட்கார்ந்திருப்பார்கள்.

நின்ற படகுக்காக வந்ததுதான் ‘புளோவர்’ எனப்படும் மின்விசிறி. இயந்திரம் உள்ளே பொருத்திய பெட்ரோல் படகுகளில் இது கட்டாயமானது 1980 ஆகஸ்ட் முதல். அதற்கு முன் கட்டிய படகுகளுக்குச் சட்டம் வற்புறுத்தவில்லை. இங்கேதான் சில உரிமையாளர்கள், “அசலில் இல்லாததை நான் ஏன் மாட்ட வேண்டும்?” என்று வாதிடுகிறார்கள். பழமையைக் காக்கும் அக்கறை புரிகிறது. ஆனால் அசலில் ஊற்றிய பெட்ரோலும் இன்று இல்லையே! அமெரிக்காவில் இப்போது விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் அடைப்புகளுக்கும் அது ஆகாது. கசிவுக்கான வாய்ப்பு கூடியிருக்கும்போது பாதுகாப்பை மட்டும் 1950-இல் நிறுத்தி வைப்பது நியாயமில்லை.

மேலும், புளோவர் பொருத்த மஹோகனித் தளத்தில் புதிய ஓட்டை போடத் தேவையில்லை. பின்பார்த்த மூடிகள் இரண்டு இருந்தால் ஒன்றின் குழாயில் புளோவரை இணைத்துவிட்டு, மற்றொன்றை இயற்கைக் காற்றுக்கே விட்டுவிடலாம். இரண்டிலும் புளோவரை மாட்டினால், அது நிற்கும்போது அதன் இறக்கைகளே காற்றுக்குத் தடையாகிவிடும்.

எங்கே தவறு நேர்கிறது?

புளோவர் மேலே இருக்க வேண்டும். அதன் உறிஞ்சு குழாயின் வாய் அறையின் கீழ் மூன்றில் ஒரு பகுதிக்குள் இருக்க வேண்டும். வழக்கமாகத் தேங்கும் நீர்மட்டத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். வாய் தண்ணீரில் மூழ்கினால் மோட்டார் சத்தம் போடுமே தவிர, ஆவி வெளியேறாது. குழாய் நடுவில் தொய்ந்து வளைந்தாலும் அங்கே நீர் தேங்கி அடைத்துக்கொள்ளும்.

கார் கடையில் மலிவாகக் கிடைக்கும் விசிறியை வாங்கி மாட்டுவது தற்கொலைக்குச் சமம். படகுக்கென்று செய்த புளோவரின் மோட்டார், உள்ளே பொறி எழுந்தாலும் வெளியிலுள்ள ஆவியைப் பற்ற வைக்காதபடி அமைந்தது. இதன் அருமை புரிய இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஆவி 7.6 விழுக்காட்டைத் தாண்டினால், காற்று போதாமல் தீப்பற்றாது. அப்படி நிறைந்து கிடக்கும் அறையில் புளோவர் ஓடத் தொடங்கினால் ஆவி படிப்படியாகக் குறைந்து, மிக ஆபத்தான அளவைக் கடந்துதான் பாதுகாப்பான நிலைக்கு வரும். அரை நிமிடம் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்புகிறவர், சரியாக வெடிக்கும் கலவையில் பொறி வைக்கவும் கூடும். குறைந்தது நான்கு நிமிடம் ஓட்ட வேண்டும் என்று படகுகளில் எச்சரிக்கை ஒட்டுவது சும்மா இல்லை.

மின்சாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய படகுகள் பலவற்றில் 6 வோல்ட் மின்சாரமே இருக்கும். 12 வோல்ட் புளோவர் அதில் சோம்பலாகச் சுற்றும். சில படகுகளில் பேட்டரியின் நேர்முனை இயந்திர உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் கம்பியை மாற்றி இணைத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் கேட்கிறது, ஆகவே வேலை செய்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. வெளியேற்றும் மூடியருகே மெல்லிய தாளைப் பிடித்தால் அது வெளிப்புறம் பறக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் மனித மூக்குக்கு ஈடில்லை. எண்ணெய் நிரப்பிய பின் இயந்திர அறையின் மேல்மூடியைத் திறந்து, குனிந்து, அடியில் முகர்ந்து பார்க்க வேண்டும். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் முதலில் ஆட்களைக் கரையேற்ற வேண்டும். புளோவர் ஆவியை அகற்றும், கசிவை அடைக்காது.

காற்றோட்டத்தால் மரத்திற்கும் ஆயுள் கூடுகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உளுக்கச் செய்யும் பூஞ்சை வளராது. உப்பு நீர் பூஞ்சையை ஓரளவு தடுக்கும். மழைநீரும் ஏரி நீரும் அதற்கு விருந்து. குறுக்குச் சட்டங்களின் அடியிலுள்ள நீர்வழித் துளைகளை வண்ணப்பூச்சும் குப்பையும் அடைத்துவிட்டால், ஈரம் அங்கேயே குடியிருக்கும். அதற்காக அளவுக்கு மீறி உலர்த்தினால் பலகைகள் சுருங்கி இணைப்புகள் வாய் பிளக்கும். இந்தச் சமநிலை கைப்பழக்கத்தில்தான் வரும்.

மிச்சிகனில் குளிர்காலத்தில் ஏரிகள் உறையும். படகுகளைக் கரையேற்றிப் போர்த்திவிடுவார்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கக் கட்டிய படகு உள்ளுக்குள் வியர்த்து, வசந்தத்தில் பூஞ்சை வாடையோடு திறக்கும். தரைப்பலகைகளைத் தூக்கி வைத்து, மேல்மூடியைச் சற்றே திறந்து, போர்வையின் இரு முனைகளிலும் காற்றுக்கு வழிவிட்டவரின் படகு அப்படி நாறுவதில்லை.