மாயத்தோற்றம் தராத மருந்து

1943 ஆம் ஆண்டு ஏப்ரல் 19. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், சாண்டோஸ் நிறுவனத்தின் வேதியியலார் ஆல்பர்ட் ஹாஃப்மன், தாம் 1938இல் ஆக்கிய எல்.எஸ்.டி. என்னும் பொருளில் கால் மில்லிகிராமைத் தாமே உட்கொண்டார். சிறிது நேரத்தில் தலை சுற்றியது. உதவியாளர் துணைவர, சைக்கிளில் வீடு திரும்பினார். பால் கொண்டு வந்து கொடுத்த அண்டை வீட்டு அம்மாள் அவர் கண்ணுக்குச் சூனியக்காரியாகத் தெரிந்தாராம்!

இப்படிப்பட்ட பொருளிலிருந்து மனச்சோர்வு நோய்க்கு மருந்தா? விந்தைதான்; ஆனால் காரணம் உண்டு. நரம்பணுவின் கிளைகளில் நுண்ணிய முட்கள் உள்ளன. ஒரு நரம்பணு மற்றொன்றோடு இணைவது பெரும்பாலும் இம்முட்களில்தான். மனச்சோர்வு நீடிக்கும்போது மூளையின் முன்பகுதியில் இவ்விணைப்புகள் குறைவதாகத் தெரிகிறது. எல்.எஸ்.டி. போன்றவை முட்களை மீண்டும் தழைக்கச் செய்வதை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டேவிட் ஓல்சன் குழுவினர் 2018இல் காட்டினர்.

தடையாக நிற்பது மாயத்தோற்றம். மனச்சிதைவு நோய் உள்ளவர்க்கும், அது குடும்பத்தில் உள்ளவர்க்கும் இத்தகைய மருந்தைக் கொடுக்க மருத்துவர்கள் அஞ்சுவர். மற்றவர்களையும் மணிக்கணக்கில் ஒருவர் அருகிருந்து கவனிக்க வேண்டும்.

முள்ளை வளர்க்கும் குணத்தை வைத்துக்கொண்டு மாயத்தை மட்டும் நீக்கலாகாதா? ஓல்சன் குழுவினர் எல்.எஸ்.டி. மூலக்கூறில் இரண்டே அணுக்களை இடம் மாற்றினர். எடை மாறவில்லை, வடிவமும் ஏறத்தாழ அதுவே. சொல்வதற்கு எளிது, செய்து முடிக்க ஏறக்குறைய ஐந்தாண்டுகள் பிடித்தன! இரண்டு பொருள்களும் நரம்பணுவிலுள்ள செரொட்டோனின் ஏற்பியில் சென்று பொருந்துகின்றன. சாவியின் ஒரு பல்லைச் சற்றே அராவினால், அது பூட்டினுள் நுழையும். முழுச் சுற்றுத் திரும்பாது. இங்கு நடப்பதும் ஏறக்குறைய அதுவே.

ஜே.ஆர்.டி. எனப்படும் இப்புதுப் பொருளைப் பற்றிய முடிவுகள் 2025இல் வெளியாயின. சுண்டெலியின் முன்மூளையில் முட்களின் அடர்த்தி 46 விழுக்காடு கூடியிருந்தது.

சரி, எலி மாயத்தோற்றம் காண்கிறதா இல்லையா என்று எப்படி அறிவது? அதைக் கேட்கவா முடியும்? எல்.எஸ்.டி. கொடுத்த சுண்டெலி தலையை விசுக் விசுக்கென்று உதறும். ஆய்வாளர்கள் அதையே அடையாளமாகக் கொள்கின்றனர். ஜே.ஆர்.டி. பெற்ற எலிகள் அவ்வாறு உதறவில்லை.

ஆனால் அந்த மாய அனுபவமே மருந்தின் பகுதியாக இருந்தால்? 2021இல் ஒரே ஆய்விதழில் இரு தரப்பும் மோதின. அனுபவம் தேவைப்படாமலிருக்கலாம் என்றார் ஓல்சன். பயன் நீடிப்பதற்கு அது வேண்டும் என்றனர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் யேடனும் கிரிஃபித்ஸும். இந்த வழக்கில் எலி சாட்சி சொல்லாது. மருந்தை உட்கொண்ட மனிதர், மாதங்கள் கழித்தும் தம் மனம் எப்படி இருக்கிறது என்று கூறக் கேட்டே தீர்க்க வேண்டும்.