வகையீட்டு வடிவங்கள்: தோற்றமும் தேவையும் – ஆய்லர் முதல் சென்னையில் பயின்ற கணிதவியலாளர் வரை

முன்னுரை

இளங்கலைக் கணிதப் பாடத்தில் கிரீன், காஸ், ஸ்டோக்ஸ் ஆகியோரின் தேற்றங்கள் மூன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. அவை ஒரே தேற்றத்தின் மூன்று தோற்றங்கள் என்பது வகையீட்டு வடிவங்களை அறிந்த பின்னரே மாணவர்க்குப் புலனாகும். அவ்வடிவங்கள் எத்தேவையிலிருந்து பிறந்தன என்பதையும், அவற்றின் வரலாற்றில் சென்னையில் பயின்றோர்க்குள்ள இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்லர் கண்ட இடர்ப்பாடு

ஒரு மாறியில் அமைந்த தொகையீட்டில் மாறியை மாற்றுதல் எளிது. பழைய நுண்மாற்றத்தின் இடத்தில் புதியதைப் பதிலிட்டால் போதும். இரு மாறிகளில் இவ்வழி செல்லாது என்பதை ஆய்லர் 1769-இல் எதிர்கொண்டார். பழைய அச்சுகளின் நுண்மாற்றங்கள் க, ச எனவும், புதியவை ம, ந எனவும் கொள்க. க = 2ம + 3ந, ச = ம + 4ந என இருப்பின், பரப்பைக் குறிக்கும் 'கச' என்பதை வழக்கமான முறையில் பெருக்கினால் 2மம + 11மந + 12நந என்று வரும். வர்க்க உறுப்புகளுக்குத் தொகையீட்டில் பொருளில்லை. 11 என்னும் எண்ணும் பிழை. மெய்யான பரப்புக் காரணி 5. ஆய்லர் இப்பெருக்கத்தைக் கைவிட்டு, ஒரு மாறியை நிறுத்தி மற்றொன்றை மாற்றும் சுற்றுவழியில் சரியான விடையை அடைந்தார்.

ஒரே ஒரு விதியை மாற்றினால் அவர் கைவிட்ட வழியே நேர்வழியாகிவிடும். நம = −மந என்று கொள்க. அப்போது மம, நந இரண்டும் சுழியாகின்றன. எஞ்சுவது 8மந + 3நம, அதாவது 5மந. அணிக்கோவையை எவரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெருக்கமே அதனை ஈன்று தருகிறது. வரிசை மாறினால் குறி மாறும் இப்பெருக்கத்தைக் கிராஸ்மன் 1844-இலேயே அமைத்திருந்தார். நுண்மாற்றங்களின் மீது அதனை ஏற்றி ஒழுங்கான கணிதமாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் எலீ கார்த்தான் (1899). அவரது நோக்கம் தொகையீடு அன்று. பாஃப் 1815-இல் ஆராய்ந்த வகையீட்டுச் சமன்பாட்டுச் சிக்கலே என்பது குறிப்பிடத்தக்கது. ஒன்றை நாடிச் செய்த கருவி மற்றொன்றுக்குப் பெரிதும் பயன்பட்டது.

எல்லையும் துளையும்

வடிவத்தின் படியை ஒன்று உயர்த்தும் செயல் புற வகையீடு எனப்படும். சாய்வு, சுழல், விரிவு என்று திசையன் பாடத்தில் வரும் மூன்றும் இவ்வொன்றே. எல்லையின் மீது ஒரு வடிவத்தின் தொகையீடு, உட்பகுதியில் அதன் புற வகையீட்டின் தொகையீட்டுக்குச் சமம்; மூன்று தேற்றங்களும் இதனுள் அடங்கும். இவ்வொருமை நெடுங்காலம் மறைந்திருந்ததற்கு முப்பரிமாண வெளியும் ஒரு காரணம். அங்கே அச்சுகள் மூன்று, அச்சுத் தளங்களும் மூன்று. ஆகவே இரண்டையும் திசையன் என்றே அழைத்துவிடலாம். நாற்பரிமாணத்தில் அச்சுகள் நான்கு, தளங்கள் ஆறு; அங்கே அவ்வசதி இல்லை.

புற வகையீடு சுழியாகும் வடிவம், வேறொரு வடிவத்தின் புற வகையீடாக இருந்தே தீர வேண்டுமா? மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் நடுவிலிருந்து நோக்குவோர்க்கு, கரையில் நடப்பவரின் திசைக்கோணம் அடிதோறும் மாறுகிறது. அக்கோண மாற்றம் ஒருபடி வடிவம். அதன் புற வகையீடு சுழி. கீழைக்கரையில் போய்த் திரும்புபவர்க்கு மாற்றங்களின் கூட்டுத்தொகை சுழி; குளத்தை முழுதும் வலம் வந்தவர்க்கோ 360 பாகை. தொடங்கிய இடத்துக்கே வந்தும் தொகை சுழியாகாமையால், குளக்கரைப் பாதை முழுமைக்கும் ஒருமதிப்புடைய கோணச் சார்பு இல்லை. குளம் என்னும் 'துளை'யை வடிவம் அறிந்து சொல்கிறது. துளைகளுக்கும் வடிவங்களுக்கும் உள்ள இவ்வுறவைப் பொதுநிலையில் நிறுவியது டி ராமின் 1931-ஆம் ஆண்டு ஆய்வேடு.

சென்னைத் தொடர்பு

கார்த்தானிடம் பாரிசில் ஆய்வு செய்த இயேசு சபைத் துறவி சார்லஸ் ரசீன் 1937-இல் இந்தியா வந்தார். 1939 முதல் சென்னை லயோலா கல்லூரியில் பணியாற்றினார். அவர் வகுப்பில் வடிவங்களைக் கற்பித்தார் என்று இதனாற் கொள்ளலாகாது. கேம்பிரிட்ஜ் தேர்வுமுறையின் நிழலில் இருந்த மாணவரைப் புதிய பிரெஞ்சுக் கணிதத்தின்பால் திருப்பி, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் செல்ல ஊக்கியதே அவரது பணி. எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் அவ்வாறு சென்றவர்கள். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் பயின்ற எஸ். ரமணனும் அந்நிறுவனத்தில் சேர்ந்தார்.

வளைந்த வெளியில் ஒரு திசையனை இடம்விட்டு இடம் கொண்டுசெல்லும் விதி 'இணைப்பு' எனப்படும். அது அணிகளை மதிப்பாகக் கொண்ட ஒருபடி வடிவம். அதன் வளைவு இருபடி வடிவம். இணைப்புகள் எண்ணிறந்தவை. ஆயினும் வெளியின் பரிமாணத்துக்கு வரம்பு வைத்தால், அவை அனைத்தையும் ஒரே பொது இணைப்பிலிருந்து பெறலாம் என்று நரசிம்மனும் ரமணனும் 1961-இல் நிறுவினர். பெறும் வழி யாதெனில், ஆய்லர் தடுமாறிய அதே பதிலிடல்தான். ஒரு வெளியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் சார்பு எதுவாயினும், அதன்வழி வடிவத்தைப் பின்னிழுக்கலாம்; திசையன் புலத்துக்கு இவ்வியல்பு இல்லை. வடிவங்களின் உயிர்நிலை குறியீட்டுச் சுருக்கத்தில் அன்று, இவ்வியல்பிலேயே உள்ளது எனலாம்.

செர்னும் சைமன்சும் 1974-இல் வெளியிட்ட, இன்று அவர்தம் பெயரால் வழங்கும் வடிவங்கள் பற்றிய கட்டுரை இத்தேற்றத்தைப் பயன்கொண்டது. அவ்வடிவங்களைக் கொண்டு 1989-இல் விட்டன் முடிச்சுகளின் மாறிலிகளை இயற்பியல் வழியே விளக்கினார். அவ்விளக்கத்தில் வரும் வளைவற்ற இணைப்புகளின் வெளி, நரசிம்மனும் சேஷாத்ரியும் 1965-இல் நிறுவிய தேற்றத்தின் களமாகும். அதே 1989-இல்தான், பின்னர்ச் சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்து சிறுசேரிக்கு இடம்பெயர்ந்த கணிதப் பள்ளியை, ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தின் ஆதரவில் சேஷாத்ரி தொடங்கினார். சிறுசேரிக்குச் செல்லும்வரை அது தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் இயங்கியது.