பலெர்மோ ஃபேக்ஸுக்குத் திரும்பின நாட்கள்

வுச்சீரியாவில இருந்து பலெர்மோ மாநகரசபைக்கு நடக்கிற தூரம்தான். ஆனா 2022 ஜூன் தொடக்கத்தில சபையோட தொடர்புகொள்ள சனம் ஃபேக்ஸ் தேட வேண்டி வந்தது. காரணம் ரான்சம்வேர். ‘வைஸ் சொசைட்டி’ என்ற கும்பல் உரிமை கோரியது. பரவாமல் இருக்க சபை தன்ர நெட்வொர்க்கைத் துண்டிச்சுது. நகர மையத்துக்குள்ள கார் கொண்டுபோற அனுமதிகூட எடுக்க முடியேல்ல.

துண்டிச்சது சரியான முடிவு எண்டுதான் சொல்லுவன். சிக்கல், அதுக்குப் பிறகு கையில மிஞ்சினது ஃபேக்ஸ் எண்டது. எங்கட அம்மா அப்பாவுக்கு வதிவிடச் சான்றிதழ் குடுக்கிறதும் இதே சபைதான்.

ஐடி வேலைக்குப் போறீங்களா? முதல் கிழமையே கேளுங்கோ: நெட்வொர்க்கோட தொடர்பில்லாத பேக்கப் இருக்கா? அதைக் கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தனீங்கள்?